வாய்ப் புற்றுநோய் பரவுமா என்பதை மூலக்கூறு மார்க்கர்கள் முன்கூட்டியே சொல்லுமா?

கேள்வி இது. நாக்கில் சின்னதாக ஒரு புற்றுக்கட்டி. கழுத்தைத் தடவிப் பார்த்தால் எதுவும் தட்டுப்படவில்லை, ஸ்கேனிலும் நிணநீர் முடிச்சுகள் சாதாரணமாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் கட்டியோடு சேர்த்துக் கழுத்து முடிச்சுகளையும் எடுத்துவிட வேண்டும் என்கிறார் அறுவை மருத்துவர். பயாப்ஸித் துண்டிலேயே ஏதாவது மூலக்கூறு மார்க்கரை, அதாவது கட்டியின் குணத்தைக் காட்டிக்கொடுக்கும் புரதத்தையோ மரபணு அடையாளத்தையோ பார்த்து, இது பரவுகிற கட்டியா இல்லையா என்று தெரிந்துகொள்ள முடியாதா? ஈ-கேட்ஹெரின், எம்.எம்.பி, மைக்ரோ ஆர்.என்.ஏ என்று எத்தனையோ ஆய்வுகள் வந்திருக்கின்றனவே?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: இன்றைய நிலையில் எந்த ஒரு மார்க்கரை நம்பியும் கழுத்து அறுவையைத் தவிர்க்க முடியாது. அதற்காக அந்த ஆய்வுகளெல்லாம் வீண் என்று நினைக்க வேண்டாம். கட்டி எப்படிப் பரவுகிறது என்று அவை சொல்லித்தந்தது ஏராளம். ஆனால் ஒரு மார்க்கர் உயிரியல் ரீதியாக உண்மையாக இருப்பது ஒன்று, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு நோயாளிக்கான முடிவை மாற்றும் அளவுக்கு அது நம்பகமாக இருப்பது வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் இந்தத் துறையின் கதை.

வாய்ப் புற்றுநோயில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது வாயின் உட்பரப்பை மூடியிருக்கும் தட்டையான செல்களில் தொடங்குவது. இது பரவும்போது பெரும்பாலும் முதலில் போவது தாடைக்குக் கீழேயும் கழுத்தின் மேல், நடுப் பகுதிகளிலும் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்கு. அங்கே போய்விட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், கழுத்தில் எதுவுமே தெரியாத ஆரம்ப நிலை நோயாளிகளிலும் 100-க்கு 20 முதல் 30 பேருக்கு முடிச்சுகளில் புற்று செல்கள் ஏற்கெனவே ஒளிந்திருக்கின்றன. அந்த அளவுக்குச் சின்னக் கூட்டத்தை ஸ்கேன் காட்டாது.

காத்திருந்து பார்க்கலாமா, முதலிலேயே எடுத்துவிடலாமா என்ற பழைய விவாதத்துக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் சோதனை ஒரு பதில் தந்தது. 2015-ல் வெளியான அந்த முடிவுகளின்படி, முதலிலேயே கழுத்து முடிச்சுகளை எடுத்தவர்களில் 80 விழுக்காட்டினர் 3 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். முடிச்சு வீங்கிய பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் அது 67.5 விழுக்காடு. அறுவை மருத்துவர் கழுத்து முடிச்சுகளையும் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 100-ல் 70, 80 பேருக்கு எடுத்த முடிச்சுகளில் ஒன்றுமே இருக்காது. அவர்களுக்குக் கழுத்தில் நீண்ட தழும்பு, தோளை உயர்த்த உதவும் நரம்பு பாதிக்கப்பட்டால் கைவலி, தோள் பலவீனம், சிலருக்கு முகவீக்கம். இவர்களை முன்கூட்டியே பிரித்தெடுக்க முடிந்தால் எவ்வளவு நல்லது! அதனால் மார்க்கர் தேடுவது முற்றிலும் நியாயமான முயற்சி.

சரி, எதைத் தேடுகிறார்கள்? ஒரு புற்று செல் கட்டியிலிருந்து முடிச்சுக்குப் போக வேண்டுமென்றால் சில வேலைகளைச் செய்தாக வேண்டும். பக்கத்து செல்லின் பிடியிலிருந்து விடுபட வேண்டும், அடியிலுள்ள சவ்வைக் கரைக்க வேண்டும், திசுவுக்குள் நகர வேண்டும், நிணநீர்க் குழாய்க்குள் நுழைய வேண்டும், போன இடத்தில் உயிரோடு இருந்து பெருக வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் சில புரதங்கள் பொறுப்பு. மார்க்கர் பட்டியல் இவ்வளவு நீளமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

முதல் வேலைக்கான புரதம் ஈ-கேட்ஹெரின். செல்களைக் கைகோத்துப் பிடித்துவைப்பது அது. பரவுகிற கட்டிகளில், முக்கியமாகச் சுற்றியுள்ள திசுவுக்குள் கட்டி ஊடுருவும் முன்விளிம்பில், இது குறைவது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. கூடவே ஸ்நெயில், ட்விஸ்ட், ஸெப்1 போன்ற கட்டுப்பாட்டுப் புரதங்களும், நகரும் செல்களின் அடையாளமான விமெண்டினும் கூடும். மேற்பரப்புச் செல் தன் இயல்பை விட்டுவிட்டு நகரும் செல்லாக உருமாறும் இந்த நிகழ்வை ஈ.எம்.டி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ என்பவை மரபணுக்களின் வேலையை அடக்கிவைக்கும் சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ துண்டுகள். அவற்றில் மிர்-200 என்ற குடும்பம் ஸெப்1-ஐ அடக்கிவைத்து ஈ-கேட்ஹெரினைக் காக்கிறது. அந்தக் குடும்பம் குறைந்தால் பிடி தளர்கிறது.

பாடப்புத்தகத்தில் இது சுத்தமாக இருக்கும். நிஜக் கட்டிகளில் அப்படி இல்லை. ஈ-கேட்ஹெரின் நன்றாகவே இருக்கும் கட்டிகளும் முடிச்சுக்குப் போகின்றன. முடிச்சில் வளர்ந்த புற்றிலும் அது மறுபடி தோன்றுவதைப் பார்க்கலாம். இந்தக் குழப்பத்துக்கு 2017-ல் அமெரிக்காவில், பாஸ்டனை மையமாகக் கொண்ட ஒரு குழு நல்ல விளக்கம் தந்தது. 18 நோயாளிகளின் தலை-கழுத்துக் கட்டிகளிலிருந்து ஏறக்குறைய 6000 செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று பார்த்தார்கள். ஆராய்ந்த கட்டிகள் வாய்க்குழியைச் சேர்ந்தவை.

அவர்கள் கண்டது பாதி மாற்றம். மேற்பரப்புச் செல்லின் அடையாளங்களை முழுதாக இழக்காமலேயே, நகரும் செல்லின் சில குணங்களை ஏற்றுக்கொண்ட செல்கள். உருமாற்றத்தை முன்னின்று நடத்துவதாகச் சொல்லப்பட்ட வழக்கமான கட்டுப்பாட்டுப் புரதங்கள் பெரும்பாலும் அங்கே இல்லை. இந்தச் செல்கள் கட்டி முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை. கட்டி சுற்றியுள்ள திசுவைத் தொடும் முன்விளிம்பில், இணைப்புத் திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை ஒட்டி நின்றன. அடிச்சவ்வில் இருக்கும் லாமினின் புரதத்தின் காமா-2 சங்கிலி, போடோபிளானின் என்ற புரதம் ஆகியவற்றை உற்பத்தி செய்தன. இந்தப் பாதிமாற்றம் அதிகமுள்ள கட்டிகளில் முடிச்சுப் பரவலும் அதிகம் இருந்தது. லாமினின் காமா-2 ஊடுருவும் செல்களின் அடையாளம் என்பது 1990-களிலேயே திசுவுக்குச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அது ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு இப்போதுதான் ஒரு முழுச் சித்திரம் கிடைத்தது.

என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் வந்த மிக முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான். ஏனென்றால், எந்த மார்க்கர் என்பதைவிட அது கட்டியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது முக்கியம் என்று இது காட்டிவிட்டது. இதில் கேள்வியிலுள்ள பயாப்ஸிக்கு ஒரு நேரடியான சங்கடம் இருக்கிறது. பயாப்ஸித் துண்டு பெரும்பாலும் கட்டியின் மேல்பகுதியிலிருந்தோ ஓரத்திலிருந்தோ எடுக்கப்படுகிறது. ஆழத்தில் உள்ள முன்விளிம்பு அதில் சிக்காமலே போகலாம். பரவலைத் தீர்மானிக்கும் செல்கள் இருக்கும் இடம் நம் கையில் இல்லாதபோது எந்தச் சாயமும் அதைச் சொல்லப் போவதில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அடிச்சவ்வைக் கரைக்கும் எம்.எம்.பி-2, எம்.எம்.பி-9 நொதிகள் பரவும் கட்டிகளில் கூடுதலாக இருக்கின்றன, ஆனால் சாதாரண வீக்கத்திலும் புண்ணிலும்கூட அவை கூடும். வி.ஈ.ஜி.எஃப்-சி என்ற புரதம் புதிய நிணநீர்க் குழாய்களை வளரத் தூண்டுகிறது. 11-ஆம் குரோமோசோமில் 11கியூ13 என்ற பகுதி பல பிரதிகளாகப் பெருகுவது வாய்ப் புற்றில் அடிக்கடி நடப்பது. செல் பிரிவைத் தள்ளும் சைக்ளின் டி1, செல் நகர உதவும் கோர்டாக்டின் இரண்டின் மரபணுக்களும் அங்கேதான் இருக்கின்றன. அதனால் இந்தப் பெருக்கம் முடிச்சுப் பரவலோடு சேர்ந்து வருவது ஆச்சரியமில்லை. மிர்-21 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ கூடுவதும் பலமுறை பதிவாகியிருக்கிறது, ஆனால் அது ஏறக்குறைய எல்லாவகைப் புற்றிலும் கூடுகிறது.

தனியாகச் சொல்ல வேண்டியது சி.டி.36. கொழுப்பு அமிலத்தைச் செல்லுக்குள் எடுத்துக்கொள்ளும் புரதம் இது. மனித வாய்ப் புற்றுச் செல்களை எலிகளுக்குள் வைத்துப் பார்த்த பார்சிலோனா ஆய்வாளர்கள், இந்தப் புரதம் அதிகமுள்ள ஒரு சிறு கூட்டம்தான் பரவலைத் தொடங்கிவைக்கிறது என்று 2017-ல் காட்டினார்கள். கொழுப்பு நிறைந்த உணவு எலிகளில் பரவலைக் கூட்டியது. சி.டி.36-ஐத் தடுக்கும் ஆன்டிபாடி அதைக் குறைத்தது. இது வெறும் அடையாளமாக நின்றுவிடாமல் மருந்துக்கான இலக்காகவும் மாறலாம் என்பதால்தான் எனக்கு இதில் ஆர்வம். ஆனால் இதைவைத்து நோயாளியின் சாப்பாட்டில் கைவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எலியில் கண்டது அது. வாய்ப் புற்றுநோயாளிகள் ஏற்கெனவே மெலிந்துபோகிறவர்கள்.

தனித்தனி மார்க்கர்கள் போதவில்லை என்றால், நூற்றுக்கணக்கான மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்தால்? இதைச் செய்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். 2005-ல் உட்ரெக்ட் குழு, 102 மரபணுக்களின் செயல்பாட்டை வைத்து முடிச்சுப் பரவலைக் கணிக்கும் முறையொன்றை வெளியிட்டது. அப்புறம் அதை விரிவாக்கி, அந்நாட்டின் பல மையங்களிலிருந்து வந்த 222 கட்டிகளில் சோதித்து 2012-ல் முடிவுகளைச் சொன்னார்கள். ஆரம்ப நிலை வாய்ப் புற்றில், பரவவில்லை என்று சோதனை சொன்னால் அது சரியாக இருக்கும் வாய்ப்பு 89 விழுக்காடு. மருத்துவப் பரிசோதனையை மட்டும் நம்பினால் கண்ணுக்குத் தப்பும் முடிச்சுப் பரவல் 28 விழுக்காடு. மரபணுச் சோதனையும் சேர்ந்தால் அது 11 விழுக்காடாகக் குறைந்தது. இந்தத் துறையில் முறையாக, பல மையங்களில் சரிபார்க்கப்பட்ட வெகு சில சோதனைகளில் இது ஒன்று. அப்படியும் இது வழக்கமான நடைமுறையாகவில்லை.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனையாக ஒரு நல்ல மார்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். பரவியவர்களில் 80 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடிக்கிறது, பரவாதவர்களில் 80 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடுகிறது. கழுத்தில் எதுவும் தெரியாத 100 பேர் வருகிறார்கள், 25 பேருக்கு உள்ளே பரவியிருக்கிறது. மார்க்கர் அதில் 20 பேரைப் பிடிக்கும். பரவாத 75 பேரில் 60 பேரைச் சரியாகச் சொல்லும், 15 பேருக்குத் தவறாகப் பரவல் என்று சொல்லும். ஆக, பரவல் என்று சொன்ன 35 பேரில் 15 பேருக்கு அறுவை தேவையே இல்லை. பரவவில்லை என்று சொன்ன 65 பேரில் 5 பேருக்கு நோய் தப்பிவிட்டது.

60 பேர் தேவையில்லாத அறுவையிலிருந்து தப்புகிறார்கள், 5 பேருக்கு ஆபத்து. இது நல்ல பேரமா? அந்த 5 பேரில் ஒருவராக இருப்பவரிடம் கேட்டால் பதில் வேறு. கழுத்தில் அறுவை செய்ய, மறைந்த பரவலுக்கான வாய்ப்பு 20 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும் என்பது 1990-களிலிருந்து பலர் பின்பற்றும் அளவுகோல். அந்தக் கணக்கில் பார்த்தால், பரவவில்லை என்று மார்க்கர் சொன்னவர்களில் மிச்சமிருக்கும் ஆபத்து 8 விழுக்காட்டுக்குக் கீழே, ஏற்றுக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றும். ஆனால் இது கற்பனை மார்க்கர். நிஜ மார்க்கர்களில் ஒரு மையத்தில் 80 என்று வந்தது இன்னொரு மையத்தில் 60 ஆகிவிடுகிறது.

அப்படி ஆவதற்குக் காரணங்கள் உண்டு. பல ஆய்வுகளில் நாக்கு, கன்னத்தின் உட்புறம், ஈறு, சில சமயம் தொண்டையும் குரல்வளையும்கூட ஒரே கூடையில் போடப்படுகின்றன. இவற்றின் நடத்தை ஒன்றல்ல. ஒருவர் 10 விழுக்காடு செல்கள் நிறமானால் பாசிட்டிவ் என்கிறார், இன்னொருவர் 50 என்கிறார். அதைவிட மோசமானது, தரவைப் பார்த்த பிறகு, எந்த எல்லையில் முடிவு அழகாக வருகிறதோ அதையே எல்லையாகத் தேர்ந்தெடுப்பது.

அப்புறம், நல்ல முடிவு வந்தால் மட்டும் வெளியிடும் பழக்கம். தலை-கழுத்துப் புற்றில், இயல்பாகக் கட்டி வளராமல் தடுக்கும் பி53 புரதத்துக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பை வைத்து 2005-ல் ஒரு முக்கியமான மறுஆய்வு வந்தது. வெளியான ஆய்வுகளை மட்டும் சேர்த்தால் தொடர்பு பளிச்சென்று தெரிந்தது. வெளியாகாமல் கிடந்த தரவுகளையும் கேட்டு வாங்கிச் சேர்த்ததும் அது மங்கிப்போனது. அதே ஆண்டில்தான் மார்க்கர் ஆய்வுகளை எப்படி வெளிப்படையாக எழுத வேண்டும் என்று ரிமார்க் என்ற விதிமுறைகள் வந்தன. அவற்றைப் பின்பற்றாத ஆய்வுகள் இன்றும் வந்துகொண்டே இருக்கின்றன. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தம். நோயாளிகள் கொடுத்த திசுவை வைத்துச் செய்யும் வேலை அது.

பி53-ஐப் பற்றி இன்னொன்று. அதன் மரபணுவில் பிறழ்வு இருக்கிறதா என்று கேட்பதால் வாய்ப் புற்றில் பெரிய பயனில்லை, ஏனென்றால் பெரும்பாலான கட்டிகளில் அது இருக்கிறது, பரவியதிலும் பரவாததிலும். புரதத்தின் அமைப்பையே குலைக்கும் வகைப் பிறழ்வு இருந்தால் அறுவைக்குப் பிறகு ஆயுள் குறைகிறது என்று 2007-ல் தெரியவந்தது. அதாவது, கேட்க வேண்டிய கேள்வி எந்த வகைப் பிறழ்வு என்பது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு மார்க்கர் போட்டி போட வேண்டியது வெறும் ஊகத்தோடு அல்ல, அளவுகோலோடு. கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்ற எளிய மில்லிமீட்டர் கணக்கு முடிச்சுப் பரவலை வியக்கத்தக்க அளவுக்குக் கணிக்கிறது. பக்கத்திலுள்ள நல்ல திசுவின் அடிச்சவ்விலிருந்து கோடு போட்டு அளக்க வேண்டும். கட்டியின் மொத்தத் தடிமன் வேறு. புற்று எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பிரிக்கும் டி.என்.எம் நிலைப்பிரிப்பு முறையின் 8-ஆம் பதிப்பு 5 மி.மீ., 10 மி.மீ. எல்லைகளைச் சேர்த்துக்கொண்டு 2018-ல் நடைமுறைக்கு வந்தது. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் வேறு சில விஷயங்களும் தெரியும்: முன்விளிம்பில் 1 முதல் 4 செல்களாகப் பிரிந்து கிடக்கும் மொட்டுகள், சிதறிய ஊடுருவல், நரம்பைச் சுற்றிய பரவல். நாக்குப் புற்றில் 4 மி.மீ. ஆழத்தையும் 5 மொட்டுகளையும் எல்லையாக வைத்து ஒரு எளிய மதிப்பெண் முறையே இருக்கிறது. கவனித்தால், அந்த மொட்டுகள் இருப்பது மேலே சொன்ன பாதிமாற்றச் செல்களின் அதே முன்விளிம்பில்தான். மூலக்கூறு மொழியில் நாம் தேடுவதன் ஒரு பகுதியைக் கண்ணால் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறோம். புதிய மார்க்கர் எதுவாக இருந்தாலும், ஆழத்தையும் மொட்டுகளையும் தெரிந்துகொண்ட பிறகு கூடுதலாக என்ன சொல்கிறது என்று காட்ட வேண்டும். அதைக் காட்டாத ஆய்வை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கழுத்து அறுவையைக் குறைக்க வேறு வழியே இல்லையா? இருக்கிறது. காவல் முடிச்சு சோதனை. கட்டியைச் சுற்றிக் கதிரியக்கக் குறிப்பொருளைச் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்து நுணுக்கமாகப் பார்ப்பது. 2015-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 415 நோயாளிகளில், பரவவில்லை என்ற முடிவு 95 விழுக்காடு சரியாக இருந்தது. 2020-ல் பிரான்ஸிலும் 2021-ல் ஜப்பானிலும் வந்த ஒப்பீட்டுச் சோதனைகள் இந்த முறை முழுக் கழுத்து அறுவைக்குக் குறைந்ததல்ல என்று காட்டின. கட்டியின் குணத்தை வைத்து ஊகிக்காமல் முடிச்சையே நேராகப் பார்ப்பதால் வரும் நம்பகம் அது. அனுபவமுள்ள மையமும் அணு மருத்துவ வசதியும் வேண்டும் என்பதுதான் தடை.

மூலக்கூறு மார்க்கர்கள் முதலில் பயன்படப் போவது இங்கேதான் என்பது என் கணிப்பு. சைட்டோகெரட்டின், டெஸ்மோக்ளின்-3 போன்ற புரதங்கள் மேற்பரப்புச் செல்களுக்கே உரியவை, சாதாரண நிணநீர் முடிச்சில் இருக்க வேண்டியவை அல்ல. அவற்றைத் தயாரிக்கும் ஆர்.என்.ஏ முடிச்சில் கிடைத்தால் அங்கே வெளியிலிருந்து புற்று செல் வந்திருக்கிறது என்று அர்த்தம். அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே சொல்லிவிடக்கூடிய சோதனைகளாக இவை முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. வருங்காலத்தில் பரவுமா என்று கேட்பதைவிட, இந்த முடிச்சில் இப்போது இருக்கிறதா என்று கேட்பது மிக எளிய கேள்வி.

எச்சிலிலும் இரத்தத்திலும் பார்க்கும் சோதனைகள் பற்றியும் நிறையப் பேச்சிருக்கிறது. எச்சிலில் இன்டர்லூக்கின்-8 போன்ற, வீக்கத்தோடு தொடர்புடைய புரதங்கள் கூடுவது உண்மை. ஆனால் அவை புற்று இருக்கிறதா என்ற கேள்விக்கு நெருக்கமானவை, பரவுமா என்ற கேள்விக்கு அல்ல. அதுபோலவே, வாயில் வரும் வெள்ளைத்திட்டு புற்றாக மாறுமா என்று பார்க்க 3பி, 9பி குரோமோசோம் பகுதிகளின் இழப்பைத் தேடும் சோதனையும் வேறு கேள்விக்கானது.

பயாப்ஸி அறிக்கையில் பி16 அல்லது பி.டி-எல்1 என்று இருந்தால் அதைப் பரவல் மார்க்கர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பி16 என்பது தொண்டைப் பகுதிப் புற்றில் ஹெச்.பி.வி வைரஸின் பங்கைக் காட்டுவது. அப்படிப்பட்ட தொண்டைப் புற்று சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். நாக்கின் முன்பகுதியிலோ கன்னத்திலோ வந்த கட்டிக்கு அந்த நல்ல பலன் பொருந்தாது. பி.டி-எல்1 என்ற புரதம், நோய் முற்றியவர்களுக்கு இம்யூனோதெரபி (உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டும் சிகிச்சை) எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று யோசிக்க உதவுவது.

எனவே இப்போது மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இவை: ஸ்கேன்படி கட்டியின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர்? காவல் முடிச்சு சோதனைக்கு வசதி உண்டா, இந்தக் கட்டிக்கு அது பொருந்துமா? அறுவைக்குப் பிறகு வரும் அறிக்கையில் ஆழம், நரம்புப் பரவல், ஊடுருவல் வகை எழுதப்பட்டிருக்கிறதா, முடிச்சில் நோய் இருந்தால் அதன் உறையைத் தாண்டியிருக்கிறதா? கடைசியாகச் சொன்னது முக்கியம், ஏனென்றால் உறையைத் தாண்டியிருந்தால் கதிர்வீச்சோடு கீமோவையும் சேர்ப்பது பற்றி யோசிப்பார்கள். எடுத்த திசுவை ஆய்வுக்காகப் பாதுகாத்துவைக்க அனுமதி கேட்டால், மனமிருந்தால் சம்மதியுங்கள். முன்விளிம்பு முழுதாக உள்ள கட்டியும், அந்த நோயாளிக்குப் பின்னால் என்ன ஆனது என்ற பல ஆண்டுப் பதிவும் சேர்ந்து கிடைப்பதுதான் இந்தத் துறையில் இன்னும் பற்றாக்குறையாக இருக்கிறது.